புதுப்பிப்பு: அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடவில்லை

11 முட்டை வைத்து அடைக்கு உட்காரவைத்த கோழி பாதியில் எழுந்துவிடுமோ என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். எழவில்லை. சரியாக 21ஆம் நாள் விடியற்காலையில் கீச்சுக் குரல் கேட்டது, கூடையில் பார்த்தால் ஒரு ஓட்டில் சின்ன விரிசல், அப்புறம் அந்தக் குஞ்சு முழுசாக வெளியே வர ராத்திரியே ஆகிவிட்டது. ஓட்டை உரித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது, ஆனால் அவசரப்பட்டு உரித்தால் உள்ளே ரத்தக்குழாய் அறுந்துபோகும் என்று அதற்குப் பதில் எழுதிய நீங்கள் மிரட்டியிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 8 பொரிந்தன, 2 கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. அதை நினைத்தால்தான் என்னவோ போலிருக்கிறது.

முதல் நாள் குஞ்சுகள் தீனியைத் தொடவே இல்லை என்று பதறியது வீண். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன, ஓரிரு நாள் தாங்கும்.

இப்போது தாய்க்காரி புதுசாகத் துளிர்த்த கீரைப்பாத்தியைக் கிளறிக் கிளறிக் குஞ்சுகளுக்குப் புழு காட்டுகிறாள். பாத்தி போச்சு. வசந்தத்தில் பருந்தும் தன் குஞ்சுக்கு இரை தேடுமே, அதனால் காலையில் கூண்டு, சாயங்காலம் நான் கம்போடு காவல்.