புதுப்பிப்பு: பவர் பிஐயா, டாப்லோவா, மெட்டாபேஸா? முடிவு எடுத்தாச்சு

எங்கள் திருப்பூர் பின்னலாடை நிறுவனத்துக்கு இந்த மூன்று தரவு அறிக்கை மென்பொருள்களில் எது சரிவரும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் யார் யார் பார்க்கப்போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். அதுதான் வழிகாட்டியது, நன்றி.

கணக்குப் பிரிவு எக்ஸெலை விடவே விடாது. பவர் பிஐயில் இருக்கும் தரவை எக்ஸெலிலேயே பிவட் (சுருக்க அட்டவணை) போட்டுப் பார்க்கலாம் என்று காட்டியதும் அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் ஒவ்வொருவருக்கும் தன் பையருடைய (வாங்கும் நிறுவனத்தின்) ஆர்டர் மட்டும் தெரிய வேண்டும், முதலாளிக்கு எல்லாமே தெரிய வேண்டும். ஒரே அறிக்கையில் வரிசை அளவிலான அனுமதி (அவரவருக்கு உரிய வரிகள் மட்டும் தெரியும் ஏற்பாடு) வைத்து அதையும் முடித்தோம்.

சிக்கல் தையல் லைன் சூப்பர்வைசர்களிடம்தான். அவர்களுக்கு வேண்டியது மூன்றே எண்: இன்றைய டார்கெட், இதுவரை தைத்தது, ரிஜெக்ட். பவர் பிஐயில் பகிர்ந்த அறிக்கையை வெறுமனே பார்க்கவும், பெரிய கெப்பாசிட்டி (நிறுவனத்துக்கென ஒதுக்கிய சர்வர் திறன்) வாங்காவிட்டால், ஆளுக்கொரு ப்ரோ உரிமம் வேண்டும். டாப்லோவில் மற்ற உரிமங்களை விட, பார்க்க மட்டுமேயான வியூவர் உரிமம் மலிவுதான், ஆனாலும் தலைக்குத் தலை காசு. அதனால் தையல் தளத்துக்கு மட்டும் மெட்டாபேஸின் இலவசப் பதிப்பை எங்கள் சர்வரிலேயே போட்டு, ஒரு டிவியில் ஓடவிட்டிருக்கிறோம். தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது.

அப்புறம் ஒன்று: பவர் பிஐயின் 'பப்ளிஷ் டு வெப்' (அறிக்கையை இணையத்தில் வெளியிடும்) வசதியை நிறுவனத் தரவைக் காட்டப் பயன்படுத்திவிடாதீர்கள். அந்த இணைப்பு கிடைத்த யாரும் லாகின் இல்லாமலே பார்க்கலாம்.