'பேட்லி' எங்கே வரும்?

செங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன், புளியரை, ஆரியங்காவு பக்கமிருந்தும் வருகிறார்கள். 'தி ரோடு ஹேஸ் பீன் பேட்லி டேமேஜ்ட்' சரி, அந்த 'பேட்லி'யைத் தூக்கி 'பீன்' முன்னால் போட்டால் காதில் இடிக்கிறது, ஆனால் 'தி லாரி ஹேஸ் ஆல்ரெடி பீன் செக்ட்' என்பதில் 'ஆல்ரெடி' அங்கேதான் நிற்கிறது. எப்படி என்று சொல்லும் சொல் பார்ட்டிசிப்பிள் ('டேமேஜ்ட்', 'செக்ட்' மாதிரி வினை வடிவம்) பக்கத்தில், எப்போது என்பது முதல் துணைவினைக்குப் (இங்கே 'ஹேஸ்') பின்னால் என்று சொல்லிக்கொடுக்கிறேன். இது போதுமா?

அப்புறம் 'வெல்-நோன் டாக்டர்' என்றால் நடுவில் கோடு, 'நியூலி பெயின்டட் பஸ்' என்றால் கிடையாது. 'லி'யில் முடிந்தால் கோடு வேண்டாம் என்று எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள், ஏன் என்று கேட்கிற பையனுக்கு என்ன சொல்ல? கைடுகள் இதில் சுத்த வேஸ்ட். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மலையாளத்தில் எழுதினாலும் படித்துவிடுவேன்.