உதவி: ஜிடி7 (கிரான் டூரிஸ்மோ 7) கார் பந்தய கேமில் பணம் இருந்தும் அந்த காரை வாங்க முடியவில்லை!!

வேகப்பித்தன் | புதன், இரவு 11:12
அவசரம், யாராவது சொல்லுங்கள். இவ்வளவு நாள் பணம் சேர்த்து, கடைசியில் இன்றைக்குத்தான் அந்த கார் கடைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். ஆனால் வாங்க முடியவில்லை. காரைச் சுற்றிப் பார்க்க விடுகிறது, வாங்குவதற்கான இடம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. பணம் தாராளமாக இருக்கிறது. கேமை மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன். மற்ற இரண்டும் ஏற்கெனவே என்னிடம் இருக்கின்றன, இது ஒன்றுதான் பாக்கி. காலைக்குள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நெல்லைடர்போ | இரவு 11:19
எந்த கார் நண்பரே? எந்தக் கடை? பழைய கார் விற்கும் யூஸ்டு கார்ஸா, புகழ்பெற்ற அரிய கார்களுக்கான லெஜண்ட் கார்ஸா, நிறுவன வாரியாக விற்கும் பிராண்ட் சென்ட்ரலா? மூன்றுக்கும் விதி வேறு வேறு.

அபெக்ஸ்அருள் | இரவு 11:21
இது இன்விடேஷன் (கார் வாங்க நிறுவனம் தரும் அழைப்பு) பிரச்சினை. சந்தேகமே வேண்டாம். பகானி ஜோண்டா ஆர் வாங்கப் போனபோது எனக்கும் அப்படியே ஆனது. பிராண்ட் சென்ட்ரலில் கார் பளபளவென்று நிற்கும், ஆனால் அந்த நிறுவனத்தின் இன்விடேஷன் கையில் இல்லாவிட்டால் கோடி கோடியாக வைத்திருந்தாலும் தரமாட்டார்கள். ரூலெட் டிக்கெட்டில் (பரிசுச் சக்கரத்தைச் சுழற்றும் சீட்டு) விழ வாய்ப்பு உண்டு. தினமும் 42 கிலோமீட்டர் ஓட்டி டிக்கெட் வாங்குங்கள்.

மலர்_ஜிடி | இரவு 11:24
எந்த பிளேஸ்டேஷன், பிஎஸ்4-ஆ, பிஎஸ்5-ஆ? இணைப்பு சரியாக இருக்கிறதா? இந்த கேம் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 30 மணி நேரத்துக்கு மேல் சர்வர் படுத்துக் கிடந்தபோது யாராலும் எதுவும் வாங்க முடியவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் முதலில்.

கொண்டைஊசி | இரவு 11:31
பர்ஸ் வரம்பாக இருக்கலாம். 2 கோடிக்கு மேல் கிரெடிட் (கேம் பணம்) சேராது. அந்த வரம்பை ஒட்டி நிற்கும்போது கேம் குழம்புகிறது என்பது என் கணிப்பு. கொஞ்சம் செலவழித்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

பழைய_ஸ்டீயரிங் | இரவு 11:40
இன்விடேஷன், ரவுட்டர், பர்ஸ் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். கேட்டவர் காரின் பெயரையே சொல்லவில்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்? இங்கே உதவி கேட்பவர்கள் முதலில் கார், கடை, கையிலுள்ள கிரெடிட், திரையில் தெரியும் எழுத்து ஆகிய நான்கையும் எழுதப் பழக வேண்டும். பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொண்டைஊசிக்கு: 2 கோடி வரம்பு கேம் வந்த புதிதில் இருந்தது. 2022 ஏப்ரலில் 1.11 அப்டேட்டிலேயே அதை 10 கோடியாக உயர்த்திவிட்டார்கள். அதற்கும் கார் வாங்குவதற்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை.

மலருக்கு: இணைப்பு போனால் கடைக்குள்ளேயே நுழைய முடியாது. இவர் உள்ளே போய் காரைச் சுற்றிப் பார்க்கிறார். ஆகவே ரவுட்டரை விட்டுவிடலாம்.

வேகப்பித்தன் | இரவு 11:52
லெஜண்ட் கார்ஸ் கடை. அந்த மூன்றில் கடைசி. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். பிஎஸ்5.

நெல்லைடர்போ | இரவு 11:55
"அந்த மூன்று" என்றால், மூன்று கார்களையும் சேர்த்தால் கேம் தரும் த்ரீ லெஜண்டரி கார்ஸ் ட்ராஃபியா? ஃபெராரி 330 பி4, ஃபோர்டு மார்க் 4, ஜாகுவார் எக்ஸ்ஜே13. இதில் எது பாக்கி? மார்க் 4-தானே? எனக்கும் கடைசியில் வந்தது அதுதான்.

பருத்தித்துறை87 | இரவு 11:58
பி4 ஆக இருக்கும். அதுக்காகக் காத்திருக்கிற ஆட்கள்தான் கூட.

அபெக்ஸ்அருள் | வியாழன், அதிகாலை 12:03
எந்த காராக இருந்தாலும் இன்விடேஷன் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய_ஸ்டீயரிங் | அதிகாலை 12:07
லெஜண்ட் கார்ஸ் கடைக்கு இன்விடேஷன் தேவையே இல்லை அருள். அது பிராண்ட் சென்ட்ரலில் சில கார்களுக்கு மட்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் புதிதாக வருபவர்கள் ஃபெராரிக்கு வேண்டிய டிக்கெட்டை ஜாகுவாருக்காகத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மலர்_ஜிடி | அதிகாலை 12:10
வேகப்பித்தன், காரின் படத்துக்கு மேல் ஏதாவது பட்டை போலத் தெரிகிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், உடனே தெரிந்துவிடும்.

வேகப்பித்தன் | அதிகாலை 12:16
ஜாகுவார். போட்டோ இணைத்திருக்கிறேன்.

மலர்_ஜிடி | அதிகாலை 12:19
பார்த்தேன். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. "சோல்ட் அவுட்" என்று இருக்கிறது. கார் விற்றுப்போய்விட்டது. உங்கள் பக்கம் பழுது எதுவும் இல்லை.

அந்தக் கடை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு கார் வரும்போது பட்டை எதுவும் இருக்காது. சில நாட்கள் நிற்கும். போகப் போகும் நேரத்தில் "லிமிடெட் ஸ்டாக்" என்ற பட்டை விழும். அதன் பிறகு "சோல்ட் அவுட்". அந்த நிலையில் காரைப் பார்க்கலாம், வாங்க முடியாது. அடுத்து அந்த இடத்துக்கு வேறு கார் வந்துவிடும். வேறொரு ஆட்டக்காரர் முந்திக்கொண்டு வாங்கியதால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணைதான், யார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது தன் போக்கில் நகரும்.

நீங்கள் "இன்றைக்குத்தான் வந்தது" என்று எழுதியிருந்தீர்கள். சில நாட்களாகக் கடைப் பக்கம் போகவில்லையா?

நெல்லைடர்போ | அதிகாலை 12:24
மலர் சொல்வது சரி. கடை நம் நேரத்துக்குக் காலை ஐந்தரை வாக்கில் மாறும். சில கார்கள்தான் ஒரு நேரத்தில் நிற்கும் என்பதால் எக்ஸ்ஜே13 திரும்பி வரக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஆனால் வரும். நிச்சயம் வரும். அதுவரை இருக்கிற பணத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள். எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

பருத்தித்துறை87 | அதிகாலை 12:31
உண்மையைச் சொன்னால், எக்ஸ்ஜே13-க்காக இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை தம்பி. கேம் வந்த நேரம் அதன் விலை 1.2 கோடி. ஒரு ரேஸிலயும் ஓடாத காருக்கு 1.2 கோடி! பி4 அப்படியில்லை. 1967-இல் டேட்டோனா 24 மணி ஓட்டத்தில் ஃபெராரி முதல் மூன்று இடத்தையும் பிடித்துக் கடைசியில் மூன்று காரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி வந்தது. இரண்டாவதாக வந்தது பி4. அதே வருடம் பிரான்ஸின் லெ மான் 24 மணி ஓட்டத்திலும் பி4-தான் இரண்டாவது. மார்க் 4-ஐ எடுத்தால் அந்த லெ மானை வென்ற காரே அதுதான். டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஓட்டினார்கள். மேடையில் ஷாம்பேனைச் சுற்றியிருந்தவர்கள் மேல் கர்னி பீச்சியடித்ததும் அன்றைக்குத்தான். இந்த இரண்டோடும் சேர்த்து வைக்க ஜாகுவார் என்ன செய்தது?

கொண்டைஊசி | அதிகாலை 12:44
ஓடவில்லை என்பதாலேயே அது எனக்கு மேலானது. 5 லிட்டர் வி12 எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, லெ மானுக்கென்றே ஜாகுவார் 1966-இல் கட்டிய கார். ஒன்றே ஒன்று. அதைச் சோதித்து முடிப்பதற்குள் 7 லிட்டர் ஃபோர்டுகள் எட்ட முடியாத தூரம் போய்விட்டன. 1968 முதல் அந்த வகுப்புக்கு 3 லிட்டர் எஞ்சின்தான் என்று விதியையும் மாற்றிவிட்டார்கள். அதோடு துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

1971 ஜனவரி 20 அன்று, ஜாகுவாரின் வி12 இ-டைப் கார் வெளியீட்டுக்காகப் படம் பிடிக்க அதை மைரா சோதனைத் தடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியவர் நார்மன் டூயிஸ், ஜாகுவாரின் தலைமைச் சோதனை ஓட்டுநர். வேகத்தில் சக்கரம் நொறுங்கி கார் உருண்டு சிதைந்தது. அவர் தப்பித்தார். கார் அப்புறம் மறுபடி கட்டப்பட்டது.

இதெல்லாம் தெரிந்து அந்த காரைக் கேமில் லெ மான் தடத்துக்குக் கொண்டுபோய், முல்சான் நேர்பாதையில் முழு வேகத்தில் விட்டுப் பாருங்கள். நிஜத்தில் அதற்குக் கிடைக்காத ஓட்டத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள். பி4-இல் அந்த உணர்வு வராது.

பருத்தித்துறை87 | அதிகாலை 12:52
நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் வெற்றி என்று ஒன்று வேண்டும் அண்ணை. மூன்றும் ஒரே ட்ராஃபியில் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய_ஸ்டீயரிங் | அதிகாலை 12:58
1960-களின் நடுவில் ஒரே பரிசுக்காகக் கட்டப்பட்ட மூன்று கார்கள். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது, ஒன்று போகவே இல்லை. எனக்கு இந்தச் சேர்க்கை சரியாகவே படுகிறது. இழை திசைமாறுகிறது, கேட்டவரின் விஷயத்துக்கு வாருங்கள்.

அபெக்ஸ்அருள் | காலை 7:15
எனக்கு இந்தக் கடையின் முறையே பிடிக்கவில்லை. இன்றைக்கு விட்டால் எப்போது வரும் என்று தெரியாது என்ற பயத்தை மனதில் விதைக்கிறார்கள். அந்தப் பயத்தில் கையிலிருக்கும் நிஜப் பணத்தைக் கொடுக்கத் தோன்றும். 20 லட்சம் கிரெடிட்டுக்கு 20 டாலர். 1.2 கோடி என்றால் ஆறு முறை, 120 டாலர். முழு கேமின் விலையைவிட அதிகம், ஒரே ஒரு காருக்கு. வேகப்பித்தன், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மலர்_ஜிடி | காலை 7:32
நிஜப் பணம் போடக் கூடாது என்பதில் அருளோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் கடை சுழல்வது எனக்குப் பிடிக்கும். உலகத்தில் ஒன்றே இருக்கும் ஒரு கார் எப்போதும் அலமாரியில் நின்றால் அதைத் தேடுவதில் என்ன இருக்கிறது? கேம் வந்தபோது பழைய கார்களை மதிப்பிடும் ஹேகர்டி நிறுவனத்தின் கணக்கை ஒட்டித்தான் அங்கே விலையே வைத்தார்கள், அது அவ்வப்போது மாறவும் செய்யும். தினமும் காலையில் காபியோடு அந்தக் கார்களைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

அபெக்ஸ்அருள் | காலை 7:40
தினமும் பார்க்க நேரம் இருப்பவர்களுக்குச் சந்தோஷம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவன் ஒரு வாரம் கேமைத் திறக்காமல் இருந்தால் அவனுக்கு "சோல்ட் அவுட்" மட்டுமே மிச்சம். வேகப்பித்தனுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

மலர்_ஜிடி | காலை 7:46
அது நியாயமான பேச்சு. "லிமிடெட் ஸ்டாக்" விழும்போது போனுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நெல்லைடர்போ | காலை 8:05
சண்டை நிற்கட்டும், பணம் சேர்க்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். வேகப்பித்தனிடம் போதுமான பணம் இருந்தாலும், அடுத்த முறை வருவதற்குள் விலை மாறினால் கைக்காவலாக இருக்கும்.

டோக்கியோ எக்ஸ்பிரஸ்வே தடத்தில் வேர்ல்ட் டூரிங் கார் 600 என்ற பந்தயம். 12 சுற்று. வென்றால் 5.5 லட்சம். யாரையும் இடிக்காமல் ஓட்டினால் கிளீன் ரேஸ் போனஸ் பாதி சேர்ந்து 8.25 லட்சம். 15 முறை ஓட்டினால் 1.2 கோடி தாண்டிவிடும். தடம் குறுகல், இரண்டு பக்கமும் சுவர். முன்னால் போகும் காரை வளைவில் முந்தப் பார்த்தால் போனஸ் போய்விடும், நேர்பாதைக்குக் காத்திருங்கள்.

எனக்கு அதைவிட லெ மான் தடத்தில் நடக்கும் 700 பந்தயம் பிடிக்கும். 30 நிமிடம், பணம் அதே அளவு. தடம் அகலம், மோதல் குறைவு. நடுவில் மழை வரலாம். திரையின் மூலையில் மழை ரேடாரைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், மேகம் நெருங்கும்போது பிட்டுக்குள் (தடத்தோர நிறுத்தம்) போய் டயர் மாற்றியவர்தான் வெல்வார். பெட்ரோலை மிச்சப்படுத்த ஃபியூயல் மேப் அமைப்பை 6-க்குத் தள்ளி, கியரைச் சீக்கிரம் மாற்றினால் ஒரு பிட் மிச்சமாகும். ஸ்பாவில் ஒரு மணி நேர ஓட்டம் இருக்கிறது, அது 15 லட்சம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது.

கொண்டைஊசி | காலை 8:21
இன்னொன்று. கையிலுள்ள கார்களையும் விற்கலாம், 2022 கடைசியிலிருந்து அந்த வசதி இருக்கிறது. பரிசாக ஒரே கார் இரண்டு மூன்று வந்து கிடந்தால் அவற்றை விற்றுவிடுங்கள். லெஜண்ட் கடையில் வாங்கியதை மட்டும் விற்காதீர்கள், திரும்ப வாங்க மறுபடி காத்திருக்க வேண்டும்.

பழைய_ஸ்டீயரிங் | காலை 8:30
வேகப்பித்தன், மலர் கேட்டதற்கும் நெல்லைடர்போ கேட்டதற்கும் பதில் வரவில்லை. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மேலே இவ்வளவு எழுதத் தேவையிருந்ததா என்று தெரியும். உதவி கேட்டவர் இழையைத் திரும்பிப் பார்ப்பது அடிப்படை மரியாதை.

மலர்_ஜிடி | காலை 8:34
அண்ணா, அவர் இரவெல்லாம் விழித்திருந்தார், தூங்கட்டும். இன்றைக்குக் கடையைப் பார்த்தேன், ஜாகுவார் போய்விட்டது. திரும்ப வரும்போது யார் முதலில் பார்க்கிறோமோ அவர் இங்கே ஒரு வரி எழுதுவோம், பட்டை இல்லாமல் நிற்கும்போதே.

பருத்தித்துறை87 | காலை 8:50
சரி, நானும் பார்க்கிறேன். பி4-ஐ விரும்புகிறவன் என்றாலும் சொல்லிவிடுவேன்.

*(சில வாரங்களுக்குப் பிறகு)*

பருத்தித்துறை87 | சனி, காலை 6:02
எக்ஸ்ஜே13 வந்துவிட்டது. பட்டை இல்லை. வேகப்பித்தன், ஓடிவாருங்கள்.

மலர்_ஜிடி | காலை 6:20
அவருக்குத் தனிச்செய்தியும் அனுப்பிவிட்டேன்.

வேகப்பித்தன் | ஞாயிறு, இரவு 9:47
வாங்கிவிட்டேன். ட்ராஃபியும் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

நெல்லைடர்போ | இரவு 9:51
அருமை! வாழ்த்துகள். விலை இப்போது எவ்வளவு காட்டியது? லெ மானில் ஓட்டிப் பார்த்தீர்களா?

யமுனா_டிரிஃப்ட் | திங்கள், மாலை 4:13
எனக்கும் இதே பிரச்சினை, வாங்க முடியவில்லை. என்ன செய்வது?

பழைய_ஸ்டீயரிங் | மாலை 4:20
எந்த கார், எந்தக் கடை, எவ்வளவு கிரெடிட், திரையில் என்ன எழுத்து?