சலுகை விலையை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அழகு நிலையம் நடத்தும் தோழிகளே, ஒரு வழி சொல்லுங்கள். சென்ற மாதம் ஃபேஷியலுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன். நாற்காலி காலியாகவே இல்லை. ஆனாலும் கையில் மிஞ்சியது குறைவுதான். கணக்குப் போட்ட பிறகே புரிந்தது: க்ரீம், கூலி எல்லாம் போக 100-க்கு 40 மிஞ்சிய இடத்தில் இப்போது 20தான் மிஞ்சுகிறது. பழைய லாபம் கிடைக்கவே இரண்டு மடங்கு பேர் வர வேண்டும். அத்தனை பேருக்கு நேரம் ஏது?

இனி விலையைக் குறைக்காமல், புருவம் திருத்துவதை இலவசமாகச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்குப் பொருட்செலவு சொற்பம். அல்லது கூட்டம் குறைந்த வார நாட்களில் மட்டும் தள்ளுபடி வைக்கலாமா? முழு விலை கொடுத்து வரும் பழைய வாடிக்கையாளர்கள் மனம் நோகக் கூடாது, அதுதான் என் பெரிய கவலை. ஐந்து முறைக்கு முன்பணம் வாங்கி, ஆறாவதை இலவசமாகத் தருபவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை அவசியம் எழுதுங்கள்.