எங்கள் வீட்டுத் தலைவாசல் நிலையைப் பழுது பார்த்த விவரம்

அன்புள்ள ஊர்ச் சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கீழத் தெருவில் பூட்டிக் கிடக்கும் தம் வீட்டின் தலைவாசல் கதவை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட்டுவிடலாமா என்று தோகாவில் இருக்கும் தம்பி சென்ற வாரம் கேட்டிருந்தார். அதே கேள்வியை எங்கள் வீட்டில் நாங்களும் கேட்டு, அவசரத்தில் பாதி வேலையைக் கெடுத்து, பிறகு ஒருவாறு திருத்திக்கொண்டவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு விலை கேட்பதற்கு முன்னால், அதைத் தாங்கும் மரச் சட்டமாகிய நிலையின் காலடியில் குனிந்து பாருங்கள்.

எங்கள் வீடு ஆற்றுக்குப் போகிற தெருவில் மேற்குப் பார்த்த வீடு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். திண்ணையைத் தாண்டித் தார்சா என்கிற முன்கூடத்துக்குள் நுழைகிற இடத்தில் இரட்டைக் கதவு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை கடந்தபோது எங்கள் நடையிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த ஆண்டு வலது கதவு தரையில் உரசத் தொடங்கியது. நிலைக்காலின் அடியை விரலால் அழுத்தினால் மரம் ஊறிய பிண்ணாக்குப் போல உதிர்ந்தது. வெள்ளத்தில் ஊறிய மரம் இனி நிற்காது, இரும்புக் கதவே நல்லது என்று மும்பையிலிருந்து அண்ணன் சொன்னார்கள். மதினிக்கும் அதே எண்ணந்தான். இரும்புக் கதவுக்கு 32,000 ரூபாய் விலை சொன்னார்கள். அதே வாரத்தில் பழைய மரச் சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வாசலில் வந்து நின்று, கதவையும் நிலையையும் சேர்த்து 45,000 ரூபாய்க்குக் கேட்டார். செலவு போகக் கையில் பணம் மிஞ்சும் என்று அண்ணன் மகிழ்ந்தார்கள். உளுத்துப்போனது என்று நாம் சொல்கிற மரத்துக்கு விவரம் தெரிந்த மனிதர் ஏன் இவ்வளவு தருகிறார் என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இப்படிப்பட்ட நிலைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, வாங்கியவர் எந்த விலைக்கு விற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கரையிலிருந்து வயதான ஓர் ஆசாரியை மருமகன் அழைத்து வந்தான். அவர் கதவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. உளியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் நிலைக்காலை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். நிலையின் மேல்சட்டமான தலைக்கட்டையிலிருந்து இடுப்பு உயரம் வரை கணீரென்று ஒரே ஓசை. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஓசை மங்கிவிட்டது. அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். வலது கதவின் கீழ்ச் சட்டத்திலும் அப்படியே ஒரு கோடு. ஆக, ஆறடி நிலையில் கெட்டிருந்தது இரண்டு கால்களிலும் ஒரு சாண். கதவில் ஒரு சட்டம். மற்றதெல்லாம் வைரம் பாய்ந்த மரம், இன்னும் எத்தனையோ காலம் நிற்கும் என்றார். நிலை கோங்கு என்றும் கதவு தேக்கு என்றும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வெள்ளத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் வெள்ளம் ஒன்றரை நாளில் வடிந்துவிட்டது. காரணம் நாங்களே 2009ஆம் ஆண்டு பதித்த டைல்ஸ். பழைய செங்கல் தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குச் சிமெண்டு போட்டு, அழகாக இருக்கட்டும் என்று நிலைக்காலைச் சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் பூசிவிட்டிருந்தோம். முன்பு கால்கள் கருங்கல் படியின் மேல் வெறுமனே நின்றன. வாசல் தெளிக்கிற தண்ணீர் பட்டாலும் வழிந்தோடி, காற்றில் உலர்ந்துவிடும். இப்போது கால்கள் சிமெண்டுக் கிண்ணத்துக்குள் நின்றன. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டு முனையில் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். குடித்தது வெளியேற வழியும் இல்லை. பதினைந்து வருடம் தினமும் காலையில் நாமே ஊற்றிய தண்ணீர்தான் அந்த ஒரு சாணைத் தின்றது. இரும்புக் கதவு போட்டிருந்தாலும் அதே சிமெண்டில் அதே இடத்தில் துருப்பிடித்திருக்கும். தெருவுக்குச் சிமெண்டு ரோடு போடப்போட வீடுகள் பள்ளத்தில் இறங்கிவருகிற நம்மூரில் அநேகமாக ஒவ்வொரு பழைய நிலையும் இப்படித்தான் சாகிறது.

இனி நான் கெடுத்த கதை. விடுமுறை 28 நாள்தான் என்பதால், ஆசாரி வேலைக்கு வருவதற்குள் பெயிண்டை எடுத்துவிடலாமென்று டவுனிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். பாங்கிக்குப் போய்விட்டு நான் திரும்பி வருவதற்குள் அவருடைய ஆள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டித் தலைக்கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் செதுக்கியிருக்கிற கஜலட்சுமிக்கு இடப்புறம் நிற்கிற யானையின் துதிக்கை மழுங்கிப் போயிருந்தது. வலப்புற யானை மட்டும் தப்பியது. இதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் காவல் இல்லாமல் விட்டுப் போனவன் நான். அந்தத் தூசியும் சாதாரணத் தூசி அல்ல. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் நினைத்தும் பார்க்கக் கூடாது. காஸ்டிக் சோடாக் கரைசல் தேக்கைக் கறுக்கச் செய்து நார் நாராகக் கிளப்பிவிடும். தீ ஊதி எரிப்பது செதுக்கு வேலையின் நுனிகளைக் கருக்கிவிடும்.

பிறகு நாங்கள் செய்தது மெதுவான வேலை. பெயிண்ட் ரிமூவரை ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தடவி, பூச்சு சுருண்டு எழுந்ததும் தகட்டால் வழித்து, பூவேலையின் உள்ளிடுக்குகளை மூங்கில் சிம்பால் சுரண்டினோம். ஏழு வண்ணங்கள் வந்தன. நடுவில் ஒரு பச்சை, ஆச்சி காலத்துப் பச்சை, அண்ணனுக்கு நினைவிருந்தது. ஒன்பது நாள் ஆயிற்று. ஏழாம் நாள், தாமரை வரிசைக்குக் கீழே பட்டி அடைத்துக் கிடந்த ஒரு பட்டையைச் சுரண்டியபோது எழுத்து தெரிந்தது. 'கொல்லம் ௲௮௰௭ தை'. அதாவது, நம் பக்கத்தில் அக்காலத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1087. தை மாதமாதலால் 825 கூட்டினால் 1912ஆம் ஆண்டின் தொடக்கம். எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எதிலும் வீடு கட்டிய ஆண்டு இல்லை. இதற்கு முன் எங்களில் யாரும் அதை அறிந்ததில்லை. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1904இல் என்பதால், இந்தக் கோங்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். கிரைண்டர் இன்னும் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை.

கதவைக் கழற்றும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குழியில் நின்று சுழலும் முளை, அதாவது குடுமி, உண்டு. மேல் குழி ஆழமாகவும் கீழ்க் குழி ஆழமில்லாமலும் இருக்கும். கதவை நேராக மேலே தூக்கினால் கீழ்க் குடுமி கல்குழியை விட்டு வெளியே வரும். அடியைச் சற்று முன்னால் இழுத்துக் கதவை இறக்கிவிடலாம். எங்கள் கதவு ஒன்றைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். குடுமிக் கதவின் கனம் முழுவதும் கல்லின் மேல் இறங்குகிறது. கீல் போட்டால் அத்தனை கனமும் நாலு திருகாணிகளில் தொங்கும், இரண்டே வருடத்தில் கதவு தலைசாயும். எங்கள் கீழ்க் குடுமி தேய்ந்திருந்ததால் அதற்கு இரும்புப் பூண் மாட்டிக் கல்குழியைச் சுத்தம் செய்தோம். அவ்வளவுதான், நாற்பது வருடமாகக் கேட்ட கிரீச்சென்ற சத்தம் போய்விட்டது. அது போனதில் எனக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

கெட்ட காலுக்கு ஒட்டுப் போட்ட முறை இது. சுவர் இறங்காமல் தலைக்கட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்கட்டிக் கோட்டுக்கு மேலே நல்ல மரம் தொடங்கும் இடத்தில், ஆசாரி நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்தார். சாய்வு வெளிப்பக்கம் நோக்கி இறங்க வேண்டும். அப்போதுதான் இணைப்பில் தண்ணீர் தங்காது. சாய்வின் நீளம் காலின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு. புதுத் துண்டும் கோங்குதான். பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடையில் தேடி எடுத்தோம். புது மரம் உலர்ந்து சுருங்கினால் இணைப்பு வாய் பிளக்கும் என்று அவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார். கதவின் கீழ்ச் சட்டத்தைக் கழுந்து கழற்றிப் புதிதாகச் செய்து, மூங்கில் ஆணியால் இறுக்கினார். சட்டங்களுக்கு நடுவில் இருக்கிற பலகைகளுக்கு மட்டும் ஆணியும் அடிக்கவில்லை, பசையும் போடவில்லை. அவை காடியில் சும்மா அமர்ந்து, பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டும். இறுக்கினால் நடுவில் வெடிக்கும். கடைசியாக, நிலையைச் சுற்றி டைல்ஸை ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்த்து, காலடியில் கருங்கல் துண்டு வைத்து, வாசல் பக்கம் சரிவு கொடுத்தோம். மொத்த வேலையில் இதுதான் குறைந்த செலவு. இதைச் செய்யாமல் மற்றது எதைச் செய்தும் பயனில்லை. கறையானுக்கு, தளத்தில் துளையிட்டு இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சி மருந்துக் கரைசல் ஊற்றினார்கள். மரத்தின் மேல் தெளிப்பதைவிடக் கறையான் ஏறிவருகிற மண்ணில் ஊற்றுவதே சரி.

மேற்குப் பார்த்த கதவுக்கு வார்னிஷ் போட வேண்டாம் என்பது என் கருத்து. பிற்பகல் வெயிலில் அது தோலுரிந்துவிடும். மறுபடி சுரண்ட வேண்டி வரும். நாங்கள் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் பூச்சும், பிறகு வெறும் எண்ணெயில் இரண்டு பூச்சும், நடுவே இரண்டு இரண்டு நாள் இடைவெளி விட்டுத் தேய்த்தோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே சூடேறும்; குவிந்து கிடந்தால் நெருப்புப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள். பித்தளைக் குமிழ்களுக்குப் புளி போதும்.

வேலையைத் தை பிறந்து மழை ஈரம் வற்றியபின் தொடங்கிப் பங்குனிக்குள் முடிக்கப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கதவு ஊதிப் பிடிக்கிறது என்று இழைப்புளியை எடுத்தால், பங்குனியில் இரண்டு கதவுக்கும் நடுவே தெரு தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அள்ளிவரும் புழுதி அத்தனையும் ஈர எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்.

பூட்டிய வீடு, திருட்டுப் பயம் என்பார்கள், நியாயமான பயந்தான். அதற்குத் திண்ணைக்கு முன்னால் தனிக் கால் நட்டுக் கம்பிக்கதவு போடுங்கள். நிலையில் துளை போட வேண்டாம். உள்ளே கதவுக்குக் குறுக்கே கணையமரம் என்கிற தடிக்கட்டை போடுகிற துளைகள் பெரும்பாலான வீடுகளில் சுவரில் அப்படியே இருக்கின்றன, சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கும், அவ்வளவுதான்.

தட்டிப் பார்த்ததில் இடுப்புக்கு மேலும் ஓசை மங்கினால், அது மாற்ற வேண்டிய மரந்தான்; அதில் பிடிவாதம் வேண்டாம். அப்போதும் கதவு மட்டும் கெட்டதா, நிலையும் கெட்டதா என்று பிரித்துப் பாருங்கள். புது நிலை செய்வதென்றால் கன அடிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: ஏழடி உயரம், நாலடி அகலம், நாலு பக்கமும் ஐந்துக்கு நாலு அங்குலச் சட்டம் என்றால் மூன்று கன அடிக்குச் சற்று மேலே மரம் செல்லும்; ஐந்து கன அடி என்று சீட்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். பர்மா தேக்கு என்று சொன்னால் எப்போது இறங்கிய மரம் என்றும் கேளுங்கள். மியான்மர் உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

எங்களுக்குக் கூலி, மரம், மருந்து எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய் ஆயிற்று. இரும்புக் கதவைவிட 6,000 ரூபாய் கூடுதல் என்பதை அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துதிக்கையை மறுபடி செதுக்கித் தரட்டுமா என்று ஆசாரி கேட்டார்; வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டுப் போட்டது போக இரண்டடி நீளத்தில் பழைய கோங்கு ஒரு துண்டு எங்கள் மச்சில் கிடக்கிறது. ஒரு நிலைக்காலுக்குப் போதும். தோகாத் தம்பிக்கோ வேறு யாருக்கோ தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள், மருமகனிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்கிறேன். வரும்போது உங்கள் நிலைக்காலின் அகலத்தையும் கனத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.