மறு: [கலைச்சொல்] டச் ரக்பி – தொடு ரக்பியா, தீண்டு ரக்பியா?

சிட்னியிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளி மாதமடலில் விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பு. இங்கே பிள்ளைகளில் பலர் பள்ளி முடிந்ததும் டச் (ஆளை மடக்கிப் பிடிக்காமல் கையால் தொடும் ரக்பி வகை) விளையாடப் போகிறவர்கள். ஆஸ்திரேலியாவின் தேசியப் போட்டியான 'தேசிய டச் லீக்' பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கையிலுள்ள ஆங்கிலக் குறிப்பின் தலைப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் 'நேஷனல் அமெச்சூர் டச் ரக்பி லீக் சாம்பியன்ஷிப் டோர்னமென்ட்' என்று வருகிறது. ஏழு சொல்லில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்?

மதுரையிலிருந்து:

இதிலென்ன சிரமம்? 'தேசியத் தன்னார்வத் தீண்டாட்டக் குழும வாகையர் போட்டி'. முழுக்க முழுக்கத் தமிழ். ஆட்டத்தின் பெயர் 'தீண்டு ரக்பி'. ரக்பி என்பது ஊர்ப்பெயர், அதனால் அது மட்டும் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:

> ஆட்டத்தின் பெயர் 'தீண்டு ரக்பி'

வேண்டாம் ஐயா. தீண்டல் என்றாலே நம் ஊரில் அடுத்து நினைவுக்கு வருவது தீண்டாமை. அதைத் தள்ளினால் பாம்பு. பத்து வயதுப் பிள்ளை படிக்கிற பக்கத்தில் இரண்டும் வேண்டியதில்லை. 'தொடு' இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? தொடுதிரை வந்து நிலைத்துவிட்டது. தொடுவானம், தொடுகோடு எல்லாம் அதற்கு முந்தியவை. தொடு ரக்பி என்றால் வினைத்தொகையாக அழகாக நிற்கும், முக்காலமும் அதிலேயே அடங்கும். நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன்: இரண்டெழுத்துச் சொல்லும் மூன்றெழுத்துச் சொல்லும் தலைப்பில் அடங்கும், 'தீண்டாட்டக் குழும' அடங்காது.

ஆனால் பெயரோடு வேலை முடியவில்லை. சிக்கலே அதற்குப் பிறகுதான். ரக்பி குடும்பத்தில் 'டச்' மூன்று இடத்தில் மூன்று பொருளில் வருகிறது. எதிராளியைத் தொடுவது ஒன்று. மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள இடத்துக்கும் அதே பெயர்தான், அது இரண்டு. பந்தைக் கொண்டுபோய் எதிரணியின் கோட்டில் வைத்துப் புள்ளி எடுப்பது 'டச்டவுன்', அது மூன்று. மூன்றையும் 'தொடு'விலேயே கட்டினால், 'தொடுகோட்டருகே தொடப்பட்டதால் தொடுவைப்பு செல்லாது' என்று எழுத வேண்டிவரும். வாசகன் பக்கத்தைத் திருப்பிவிடுவான்.

என் யோசனை, 'தொடு' என்ற வேரை முதல் பொருளுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம். பக்கவாட்டுக் கோட்டுக்குப் 'பக்கக்கோடு' போதும். கணக்கு வாத்தியார் வட்டத்துக்கு வரைகிற தொடுகோட்டை அவரிடமே விட்டுவிடலாம். புள்ளி எடுப்பதற்கு 'ஊன்றல்'. கோட்டின் மேலோ அதைத் தாண்டியோ, யாரும் தொடுவதற்குள் பந்தைத் தரையில் வைக்க வேண்டும், அதுதான் விதி. 'மூன்றாவது ஊன்றலுக்குப் பிறகு ஆட்டம் ஒருதலையாகப் போனது' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. ஓர் ஊன்றலுக்கு ஒரு புள்ளிதான், அதனால் ஸ்கோர் எழுதுவதிலும் குழப்பம் இல்லை.

சரி, தொடுவதற்கே பெயர்ச்சொல் என்ன? 'தொடல்', 'தொடுதல்', 'தொடுகை' மூன்றும் வரும். நான் தொடுகைக்கு வாக்களிக்கிறேன். எண்ணக்கூடிய ஒன்றுக்குத்தான் இங்கே பெயர் வேண்டும், 'ஆறு தொடுதல்கள்' என்றால் இழுக்கிறது, 'ஆறாம் தொடுகை' நறுக்கென்று இருக்கிறது. ஆறு என்பது ஏதோ ஓர் எண் அல்ல, ஆட்டத்தின் உயிரே அதில்தான். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு தொடுகை, ஆறாவது விழுந்ததும் பந்து எதிரணிக்கு. சட்டை நுனி, தலைமுடி, கையிலிருக்கும் பந்து, எதில் விரல் பட்டாலும் தொடுகைதான். பட்டதும் தொட்டவர் கத்துவார், ஓடியவர் நின்று, தொடப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, எதிரணிக் கோட்டைப் பார்த்தபடி பந்தைத் தன் காலிடையே பின்னால் உருட்ட வேண்டும். அதுவும் ஒரு மீட்டருக்கு மேல் உருளக்கூடாது. இடத்தைத் தாண்டி நின்று உருட்டினால் பெனால்டி. இதற்குள் தடுப்பு அணி ஏழு மீட்டர் பின்னால் போயிருக்க வேண்டும். முன்பு ஐந்து மீட்டர், இப்போதைய சர்வதேச விதியில் ஏழு.

கபடியிலிருந்து 'பிடி'யை எடுக்கலாமே என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பிடி, அகப்பாடு, மாட்டுதல் எல்லாமே தடுப்பவர் வென்றார், ஓடியவர் தோற்றார் என்ற பொருளைக் கொண்டுவரும். இந்த ஆட்டத்தில் அப்படியில்லை. பந்து வைத்திருப்பவரே போய்த் தடுப்பவரைத் தொட்டாலும் அது தொடுகைதான், விதி இருவருக்கும் பொது. நல்ல அணிகள் இதை வேண்டுமென்றே செய்யும். ஓடிப்போய்த் தடுப்பவர் மேல் கை வைத்து, உடனே பந்தை உருட்டி, எதிரணி பின்வாங்கித் திரும்புவதற்குள் அடுத்த ஓட்டம். அவரை 'பிடிபட்டார்' என்று எழுதினால் ஆட்டமே தலைகீழாகிவிடும். தொடுகை யார் பக்கமும் சாயாத சொல்.

> குழும

இங்கே 'லீக்' இரண்டு இருக்கிறது, ஒன்றென்று நினைத்துத்தான் நீங்கள் குழுமம் போட்டிருக்கிறீர்கள். 'ரக்பி லீக்' என்பது ஆட்டத்தின் பெயர். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஓட்டலில் வட இங்கிலாந்து மன்றங்கள் கூடித் தனியே பிரிந்ததிலிருந்து தொடங்கும் கிளை அது. பதினைந்து பேர் ஆடுவது ரக்பி யூனியன், பதின்மூன்று பேர் ஆடுவது ரக்பி லீக். ஆறு முறை மடக்கிப் பிடித்தால் பந்து கைமாறும் என்ற விதியும், பிடிபட்டவர் எழுந்து காலால் பந்தைப் பின்னே தள்ளுவதும் லீகில் உள்ளவை. 1960களில் தெற்கு சிட்னியில் லீக் ஆட்டக்காரர்கள் அடிபடாமல் பயிற்சி எடுக்க ஆடியதுதான் 1968 வாக்கில் தனிப் போட்டியாக உருவெடுத்தது. ஆறு தொடுகையும் பின்னே உருட்டுவதும் அந்த வீட்டுச் சொத்து.

'தேசிய டச் லீக்'கில் வரும் லீக்கோ போட்டியின் பெயர். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாவில் நடப்பது அது. நம் பத்திரிகைகளில் 'லீக் சுற்று' என்றால் எல்லோரோடும் எல்லோரும் மோதுவது, நாக் அவுட்டுக்கு முந்தியது. இந்த மூன்றாவது பொருள் வேறு இருக்கிறது. ஆகவே ஆட்டத்தின் பெயராக வரும்போது 'ரக்பி லீக்' என்று மொழிபெயர்க்காமல் விடுங்கள், போட்டியின் பெயராக வரும்போது தொடர் என்று சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல் போட்டால் வரலாறும் அட்டவணையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

> தன்னார்வ

தன்னார்வலர் என்றால் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், வெள்ள நிவாரணத்துக்குப் போகிறவர். சம்பளமில்லாமல் ஆடும் ஆட்டக்காரரை அப்படிச் சொல்வதில்லை. ஊர்ப்புறக் கபடிச் சுவரொட்டியைப் பாருங்கள், 'அமெச்சூர் கபடிக் கழகம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தச் சொல் நம் ஊரில் வேர்விட்டுவிட்டது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ரக்பி லீக் பிரிந்ததே அமெச்சூர் சண்டையில்தான். சனிக்கிழமை ஆடப்போன சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் இழந்த கூலிக்கு ஈடு கேட்டார்கள், கொடுக்கக்கூடாது என்றது தலைமை. அந்தக் கிளையிலிருந்து பிறந்த ஆட்டத்தின் நெற்றியில் அமெச்சூர் என்று எழுதுகிறோம். தேவைப்படும் இடத்தில் 'தொழில்முறை சாராத' என்று உரைநடையில் ஒருமுறை சொல்லலாம். தலைப்பில் எடுத்துவிடலாம், தச்சு வேலை பார்ப்பவரும் பள்ளி ஆசிரியரும் விடுப்பு எடுத்துவந்து ஆடும் போட்டிக்கு அதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

சாம்பியன்ஷிப், டோர்னமென்ட் இரண்டில் ஒன்று மிகை. ஆங்கிலக் குறிப்பு எழுதியவர் தாராளமாக இருந்திருக்கிறார், நாமும் இருக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தொடுகைக்கு ஆதரவு, நாங்கள் பேச்சிலேயே அப்படித்தான் சொல்லுவம். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கவேணும். கிளித்தட்டு விளையாடி வளர்ந்த ஆக்களுக்கு 'தட்டு' என்ற சொல்தான் கைக்கு முதல் வரும். கோட்டில நிற்கிறவர் தட்டினால் ஆள் அவுட். 'தட்டு றக்பி' என்றால் விளையாட்டின்ர சத்தமே கேக்குது. (இலங்கைப் பத்திரிகைகள் பலவற்றில் 'றக்பி' என்று ற போட்டு வரும். அதை மாத்தச் சொல்லாதேங்கோ, கண்டியிலும் கொழும்பிலும் நடக்கிற ஆட்டங்களை அப்படித்தான் எழுதிப் பழகிவிட்டம்.)

'தொடர்' என்றால் எங்களுக்குக் கிரிக்கெட் தொடர். இப்படிப் பல அணிகள் வந்து கூடுவதைச் சுற்றுப்போட்டி என்பம்.

சென்னையிலிருந்து:

தட்டு எனக்கும் பிடித்திருக்கிறது அண்ணா, ஆனால் இந்த ஆட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போதும் பெனால்டிக்குப் பிறகும் பந்தைத் தரையில் வைத்துக் காலால் மெல்லத் தட்டி எடுப்பார்கள். அதற்கு ஆங்கிலத்திலும் 'டேப்' என்றுதான் பெயர். தட்டை அங்கே வைத்தால் 'தொடக்கத் தட்டு' என்று அச்சாகப் பொருந்தும். தட்டு காலுக்கு, தொடு கைக்கு.

சுற்றுப்போட்டியை ஏற்கிறேன். பல அணிகள் ஒரே ஊரில் கூடி, சில நாள் இரண்டு மூன்று ஆட்டம் வீதம் ஆடி முடிப்பதற்குத் தொடரைவிட அதுதான் பொருத்தம்.

கோலாலம்பூரிலிருந்து:

2019 தொடு ரக்பி உலகக் கிண்ணம் எங்கள் புத்ராஜெயாவில்தான் நடந்தது, அதனால் இந்த விவாதத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு! மலாயில் 'ராக்பி செந்து' என்பார்கள், செந்து என்றால் தொடு. ஆகவே தொடு ரக்பி எங்கள் காதுக்குப் புதிதே இல்லை.

இரண்டு கேள்வி. இடுப்பில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பறிக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பது? அடுத்து, தொடாமலே தொட்டேன் என்று கத்துகிறவரை என்ன சொல்வது? நடுவர் அதற்குத் தண்டனை கொடுக்கிறார்.

மதுரையிலிருந்து:

தீண்டலை விட்டுக்கொடுத்தேன். வாகையை விடமாட்டேன், வாகை சூடுவது நம் மரபு.

கோலாலம்பூர் நண்பருக்கு: பட்டை இரு பக்கமும் வால் மாதிரி தொங்குவதால் 'வால்பறி ரக்பி'. சிரிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு உடனே புரியும். தொடாமல் கத்துவதை நாங்கள் அழுகுணி ஆட்டம் என்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அழுகுணி எண்டால் எங்களுக்கு விளங்காது, நாங்கள் அளாப்புறது என்பம். இரண்டும் பொதுவான கள்ள விளையாட்டுக்குரிய சொல். இந்த ஒரு தவறுக்கு மட்டும் பேர் வேணும் என்றால் 'பொய்த்தொடுகை' சரியாக இருக்கும், இரண்டு கரையிலும் விளங்கும்.

சிட்னியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பொய்த்தொடுகை, வால்பறி இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தலைப்பு 'தேசியத் தொடு ரக்பிச் சுற்றுப்போட்டி'. வாகையைக் கைவிடவில்லை, வென்ற அணியைச் சொல்லும்போது 'வாகையர்' என்று போடுகிறேன்.

அணிப் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை. பிரிஸ்பேன் சிட்டி கோப்ராஸ் 'நாகங்கள்' ஆனால் ஓரளவு கம்பீரம்தான், ஆனால் சன்ஷைன் கோஸ்ட் பைனாப்பிள்ஸ் அணியை 'அன்னாசிகள்' என்று எழுத எனக்குத் துணிவில்லை. அந்த அணி ஆடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

விதிப்பெட்டிக்கு எழுதிய வரைவு கீழே. திருத்துங்கள்.

'இது அறுவர் ஆட்டம். அணிப் பட்டியலில் பதினான்கு பேர் வரை இருக்கலாம், களத்தில் ஆறு பேர், ஆளை மாற்ற எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆடுகளம் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. நடுக்கோட்டில் தொடக்கத் தட்டுடன் ஆட்டம் தொடங்கும். பந்தை முன்னோக்கி வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். தொடுகை விழுந்தால் அதே இடத்தில் பின்னுருட்டு. தொடுகை விழுந்த பிறகு பந்தைக் கைமாற்றினால் தண்டனை. ஆறாம் தொடுகையில் பந்து எதிரணிக்கு. கோட்டில் பந்தை ஊன்றினால் ஒரு புள்ளி. கலப்புப் பிரிவில் ஒரே நேரத்தில் களத்தில் மூன்று ஆண்களுக்கு மேல் இருக்கக்கூடாது.'

'அறுவர்' நம் ஊர் ஐவர் கால்பந்து, எழுவர் கால்பந்து சுவரொட்டிகளைப் பார்த்துப் போட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. பின்னுருட்டிய பந்தைக் குனிந்து எடுக்கிறாரே, ஆங்கிலத்தில் 'ஹாஃப்' என்கிறார்கள். 'பாதி' என்று எழுதினால் ஆட்டத்தின் முதல் பாதி, இரண்டாம் பாதியோடு மோதும். அவருக்கென்று தனி விதி வேறு இருக்கிறது: அவர் கையில் பந்திருக்கும்போது தொடுகை விழுந்தால் பந்து உடனே எதிரணிக்குப் போகும், அவர் நேராக ஓடி ஊன்றினாலும் புள்ளி கிடையாது. 'எடுப்பாளர்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். எடுப்பாள் போல ஒலிக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இதைவிட நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

'பொறுக்கி' சரியான சொல், ஆனால் போடேலாது. 'ஏந்துநர்' பாருங்கோ.

மதுரையிலிருந்து:

ஏந்துவது மேலிருந்து வருவதை. இவர் தரையிலிருந்து எடுக்கிறார். 'அள்ளுநர்'?

சிட்னியிலிருந்து:

அள்ளுநர். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே குனிந்து காட்டினார்கள். அதையே போடுகிறேன்.