மறு: மறு: ‘பேஸ்’ – வேகம் என்று எழுதினால் வம்பு

சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

நேற்றுக் காலை பிடோக் நீர்த்தேக்கத்தில், நான் எழுதிய ஒரே வரியால் ஒரு தம்பி மூன்றாவது கிலோமீட்டரில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வரியைத் திருத்த உங்கள் உதவி வேண்டும்.

நம் ஞாயிறு ஓட்டக் கூட்டத்துக்குத் தமிழில் பயிற்சித் தாள் எழுதுவது நான்தான். காக்கி புக்கிட் தங்குவிடுதியிலிருந்து நான்கைந்து தம்பிகள் வருகிறார்கள், எல்லாரும் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம். அவர்களில் ஒருவர் போன மாதம்தான் யாரிடமோ பழைய ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்றை எண்பது வெள்ளிக்கு வாங்கியிருந்தார். நேற்றைய தாளில் நான் எழுதியிருந்தது இதுதான்: ‘இரண்டு சுற்று. வேகம் 7:00-க்கு மேல் போகக் கூடாது.’ அங்கே ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். பேசிக்கொண்டே ஓடும் மெதுவோட்டம், அவ்வளவுதான் நான் நினைத்தது.

தம்பி மணிக்கட்டைப் பார்த்திருக்கிறார். 7:20. ஏழுக்கு ‘மேலே’ போய்விட்டோமே என்று காலை எட்டிப் போட்டிருக்கிறார். 6:50 ஆனது. இன்னும் இறங்கட்டும் என்று விரட்டி 6:10 வரை கொண்டுபோய்விட்டார். விடியுமுன்பே சட்டையைப் பிழியவைக்கும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, ஏழுக்கு மேல போகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

அவர் படித்தது சரி. எழுதியதுதான் தப்பு.

ஓட்டக்காரர்கள் ‘பேஸ்’ என்பது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்ற கணக்கு. வேகம் என்பது ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. ஒன்று மற்றதன் தலைகீழ். 7:30 என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர், 6:00 என்றால் 10, 5:00 என்றால் 12. கால் விரைய விரைய எண் இறங்கும். 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் மராத்தானை முடித்தபோது அவருடைய எண் 2:51. ‘வேகம்’ என்று தலைப்புப் போட்டு, அடியில் கிப்டம் 2:51, நம் தம்பி 7:20 என்று எழுதிப் பாருங்கள். ஓட்டம் தெரியாத ஒருவர் தம்பிக்குத்தான் மாலை போடுவார்.

தலைகீழ்க் கணக்கை ஏன் கட்டி அழ வேண்டும் என்றால், அதில் வசதி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 6:30 என்றால் பத்து கிலோமீட்டருக்கு 65 நிமிடம், ஓடிக்கொண்டே மனத்தில் பெருக்கிவிடலாம். ஒரு கிலோமீட்டரை 5:00இலும் அடுத்ததை 7:00இலும் ஓடினால் சராசரி 6:00, அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். இதையே வேகமாக எழுதி, 12ஐயும் 8.57ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 10.29 வரும். அது பொய்க் கணக்கு.

ஆக, வேகம் அல்லாத ஒரு சொல் வேண்டும். ஒரு நிபந்தனையும் உண்டு. நம்மில் சிலர் டிரையத்லானும் செய்கிறார்கள். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் நீச்சலில் அது 100 மீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று காட்டும், சைக்கிளில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வழக்கமான வேகத்தைக் காட்டும், ஓட்டத்தில் மறுபடி கிலோமீட்டருக்கு நிமிடம். அதனால் சொல் தண்ணீரிலும் செல்ல வேண்டும். ‘கிலோமீட்டர் நேரம்’ என்று நானே எழுதிப் பார்த்து, நீச்சல் வரி வந்ததும் அடித்துவிட்டேன்.

உட்லண்ட்ஸ் அக்கா, செவ்வாய் காலை

தம்பி, ‘பேஸ்’ என்றே போட்டுவிட்டுப் போங்களேன். பெருவிரைவு ரயில் என்று செய்தித்தாளில் படிக்கிறோம், வாயில் வருவது எம்ஆர்டிதான். கடிகாரத் திரையில் இருக்கும் சொல்லே தாளிலும் இருந்தால் அந்தப் பையனுக்குக் குழப்பமே வந்திருக்காது. கோரோஸ் நிறுவனம் கடிகாரத்துக்கே ‘பேஸ்’ என்று பெயர் வைத்து விற்கிறது. நீங்கள் இன்னொரு சொல் கொண்டுவந்தால் அவர் இரண்டு சொல் படிக்க வேண்டும்.

செங்காங்கிலிருந்து, செவ்வாய் மதியம்

எல்லாருக்கும் வணக்கம். ‘நடை’ என்றால் என்ன? மிருதங்கத்தில் சதுஸ்ர நடை, திஸ்ர நடை என்கிறோம். யானை நடை, அன்ன நடை எல்லாம் உண்டு. இரண்டே எழுத்து.

கூடவே ஒரு கேள்வி, தலைப்புக்கு வெளியே போனால் மன்னிக்கவும். முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், சிறிய தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எந்தக் கடிகாரம் வாங்கலாம்? கடைக்காரர் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை.

பாசிர் ரிஸ் ஐயா, செவ்வாய் இரவு

நண்பர்களே, அடுத்து யாராவது ‘கதி’ என்று சொல்லுமுன் ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த பௌதிகத்தில் கதி என்றால் திசை இல்லாத வேகம்; திசையோடு சொன்னால்தான் வேகம். தமிழ்நாட்டுப் பாடநூலில் முதலாவது வேகம், இரண்டாவது திசைவேகம். நாங்கள் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்கிறார்கள். ஒரே கருத்துக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. மூன்றாவதாகக் கதியை ‘பேஸ்’ ஆக்கினால் மூன்று கரையும் சண்டை பிடிக்கும். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிப்பதால் அவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

இன்னொன்று. நம் பழைய அளவில் ‘நாழிகைவழி’ என்று ஒன்று இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து போகும் தூரம். நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்தவர்கள் நாங்கள். உங்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கம். ‘வழிநேரம்’ என்று திருப்பிப் போட்டால்?

பிடோக்கிலிருந்து, புதன் இரவு

ஐயா, நாழிகைவழியைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நேரமும் வழியும் ஒரே சொல்லில் முன்பே கூடியிருக்கின்றன. அந்தக் கூட்டு நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் ‘வழிநேரம்’ என்றால் தம்பி காக்கி புக்கிட்டிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு வர ஆகும் நேரம் என்றுதான் நினைப்பார். பேருந்து அட்டவணைக்குப் போக வேண்டிய சொல்.

‘நடை’ அழகு. ஆனால் ஓட்டப் பயிற்சித் தாளில் ஆகாது. ‘3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை’ என்று புதியவர்களுக்கு வாரா வாரம் எழுதுகிறேன். அதே தாளில் ‘நடை 7:00’ என்று போட்டால் ஒருவர் கட்டாயம் நடப்பார். நீச்சலில் நடை என்றால் கேட்கவே வேண்டாம். ‘கதி’க்கு ஐயா சொன்ன காரணமே போதும். எனக்கு இன்னொன்றும் உண்டு: மராத்தானின் 35ஆவது கிலோமீட்டரில் என்னிடம் யாராவது “உன் கதி என்ன?” என்று கேட்டால் அழுதுவிடுவேன்.

அக்காவின் யோசனையை ஒதுக்கிவிட முடியாது. உண்மையில் நானும் வாயால் ‘பேஸ்’ என்றுதான் சொல்கிறேன். சிக்கல் எழுத்தில். பயிற்சிக் காலத்தின் முதல் இரண்டு மாதம் மெதுவாக ஓடி அடித்தளம் போடும் காலம். அதற்கும் ‘பேஸ்’ என்றுதான் பெயர், முதல் ஒலி மட்டும் வேறு. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, நமக்கு ஒரே ‘ப’. ‘வியாழன்: பேஸ் ஓட்டம்’ என்று நான் எழுதினால் மெதுவாக ஓடுவதா, குறித்த நேரத்துக்கு விரட்டுவதா? இரண்டும் நேர் எதிர். போதாக்குறைக்கு முகநூலின் முன்பாதியும் அதே இரண்டெழுத்து.

என் பரிந்துரை: கடப்புநேரம். பேச்சில் சுருக்கமாகக் கடப்பு.

‘கட’ என்ற வினை தூரத்துக்கும் நேரத்துக்கும் பொது. ஆற்றையும் கடக்கிறோம், நள்ளிரவும் கடந்துபோகிறது. ஓடினாலும் நீந்தினாலும் கடப்பதுதான். கிலோமீட்டரா, 100 மீட்டரா என்று சொல் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. அலகைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விட, உள்ளே ‘நேரம்’ இருக்கிறது. தம்பியை விழுத்தியது ‘மேல்’ என்ற சொல் மட்டும் இல்லை. வேகம் என்றால் கூட வேண்டும் என்று நமக்குத் தோன்றும், எண்ணோ இறங்கும். நேரம் என்றால் குறைய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எண்ணும் குறையும். சொல்லும் எண்ணும் ஒரே பக்கம் சாய்கின்றன.

கலைச்சொல் நல்லதா என்று பார்க்க, அதை வைத்து அடுத்த சொல் கட்டிப் பார்க்க வேண்டும். செங்காங் தம்பியின் கடிகாரக் கேள்வி அதற்கு வசதியாக வந்தது. இந்த எண்ணைக் கடிகாரங்கள் மூன்று விதமாகக் காட்டும். இந்த நொடியில் எவ்வளவு: நொடிக் கடப்பு. இந்தச் சுற்று தொடங்கியதிலிருந்து எவ்வளவு: சுற்றுக் கடப்பு. மொத்தமாக: சராசரிக் கடப்பு. நாம் பிடிக்க நினைப்பது இலக்குக் கடப்பு. நீச்சல் கடப்பு, ஓட்டக் கடப்பு என்று பிரிக்கவும் தடை இல்லை.

தம்பி, திரையில் பெரிதாகச் சுற்றுக் கடப்பை வையுங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடங்களுக்கு நடுவே நொடிக் கடப்பை நம்பி ஓடினால் நீங்கள் ஒரு கணம் கிப்டம், அடுத்த கணம் ஆமை. துணைக்கோள் அலை கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது சுற்று வழியாக வருகிறது. கடிகாரம் உங்களைச் சில மீட்டர் தள்ளி நிற்பதாக நினைக்கும். சில நொடித் துண்டில் சில மீட்டர் பிசகு பெரிய பிசகு. ஒரு கிலோமீட்டரில் அது கரைந்துவிடும். எல்1, எல்5 என்று இரண்டு அதிர்வெண்ணில் கேட்கும் கடிகாரங்கள் இதில் கொஞ்சம் தெளிவு. தினமும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வானத்தைப் பார்த்து ஓடுகிறவர் அதற்காகக் கூடுதல் காசு கொட்ட வேண்டியதில்லை.

டிரையத்லானுக்கு என்று வாங்கினால் நான் முதலில் பார்ப்பது பொத்தான். ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. நீரிலிருந்து ஏறி ஓடும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் நீச்சல் முடிந்து உடை மாற்றும் நேரம் தொடங்க வேண்டும், மறுபடி அமுக்கினால் சைக்கிள். இந்தப் பல்விளையாட்டு முறை சில மலிவு மாடல்களில் இருக்காது. கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்து, குளத்து நீளத்தைச் சரியாகப் பதியுங்கள். 50 மீட்டர்க் குளத்தில் 25 என்று இருந்தால் 2:15 கடப்பு 4:30 என்று காட்டும். எனக்கு நடந்தது, ஒரு வாரம் நீச்சலே வேண்டாம் என்று இருந்தேன். வியர்வையில் பட்டை வழுக்கினால் மணிக்கட்டின் பச்சை ஒளி சொல்லும் இதயத் துடிப்பும் வழுக்கும். துடிப்பை வைத்துப் பயிற்சி செய்வதானால் நெஞ்சுப்பட்டி தனியாக வாங்குங்கள். நிறுவனம் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

பாசிர் ரிஸ் ஐயா, வியாழன் காலை

கடப்பு! தம்பி, எங்கள் ஊரில் கடப்பு என்றால் வேலியில் ஆள் தாண்டிப் போக விட்டிருக்கும் இடைவெளி. ‘கடப்படியில் நில்’ என்று அம்மா சொல்லுவா. ‘உன் கடப்பு என்ன?’ என்று கேட்டால் என் வேலியைப் பற்றி விசாரிக்கிறீர்கள் என்று நினைப்பேன். ஆனாலும் எதிர்க்க மாட்டேன். கிலோமீட்டர்க் கல் ஒவ்வொன்றும் ஒரு கடப்புத்தானே.

உட்லண்ட்ஸ் அக்கா, வியாழன் மதியம்

ஒன்று கேட்கிறேன். சொல்லுக்குள் நேரம் இருப்பதுதான் அதன் பலம் என்றீர்கள். அடுத்த வரியிலேயே அந்த நேரத்தை வெட்டிக் ‘கடப்பு’ என்று சுருக்கினீர்கள். பிறகு ‘கடப்பைக் கூட்டு’ என்று ஒருவர் கத்தினால் பழைய கதைதானே?

‘பேஸ்’ இரண்டு பக்கமும் இடிக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, மராத்தானில் பலூன் கட்டிக்கொண்டு, 4 மணி, 5 மணி என்று குறித்த நேரத்துக்கு ஓடி நம்மை இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்? கடப்பாளர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிடோக்கிலிருந்து, வியாழன் இரவு

அக்கா பிடித்தது சரியான பிடி. அதனால் இப்படி வைத்துக்கொள்கிறேன்: தாளில் எப்போதும் முழுச்சொல், கடப்புநேரம். ஓடும்போது வாயில் எப்படிச் சுருங்குகிறதோ அது ஓடுகிறவர்கள் பாடு. ‘கூட்டு’, ‘குறை’, ‘மேல்’, ‘கீழ்’ நான்கையும் தாளிலிருந்தே எடுத்துவிடுகிறேன். இரண்டு எண் கொடுத்து, இவற்றுக்கு நடுவே என்று எழுதினால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், இதைப் போன வாரமே செய்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நாழிகைவழியும் கிடைத்திருக்காது.

பலூன்காரருக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது அக்கா: முன்னோடி. முன்னால் ஓடுகிறவர். இத்தனை நாளாகக் கவிஞர்களுக்கும் தலைவர்களுக்கும் கொடுத்துவைத்திருந்தோம், அசல் உரிமைக்காரருக்குத் திருப்பித் தருவோம்.

இந்த ஞாயிறு தாளில் போகப்போகும் வரி:

‘பிடோக் நீர்த்தேக்கம், இரண்டு சுற்று. கடப்புநேரம் கிலோமீட்டருக்கு 7:00 முதல் 7:30 வரை. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நடக்கவும்.’

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அச்செடுக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். செங்காங் தம்பி, சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் பயிற்சிக்கு டிரையத்லான்காரர்கள் ஆங்கிலத்தில் ‘செங்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கி ஓடும் முதல் ஐந்நூறு மீட்டரில் கால் கட்டையாகக் கனக்கும்; ஓடிப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு தமிழ்ப்பெயரோடு வாருங்கள்.